மேடையை விட்டு இறங்கிய ஆண்டு

1966 ஆகஸ்ட் 29 இரவு. சான் பிரான்சிஸ்கோவில் கேண்டில்ஸ்டிக் பார்க் என்ற பேஸ்பால் மைதானத்தின் நடுவே உயரமாக ஒரு மேடை, அதைச் சுற்றிக் கம்பிவேலி. பீட்டில்ஸ் நால்வரும் ஏறினார்கள். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், 11 பாட்டுகள். முடிந்ததும் கவச வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். 42,000-க்கும் அதிகமான இருக்கைகளில் விற்றவை சுமார் 25,000 தான். டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்கு முன்னால் அவர்கள் பாடிய கடைசிக் கச்சேரி அது. அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. ஆனால் நிகழ்ச்சியை டேப்பில் பதிந்து வைக்கும்படி பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பாரோவிடம் பால் மெக்கார்ட்னி கேட்டிருந்தார். கடைசிப் பாட்டின் நடுவிலேயே டேப் தீர்ந்துபோனது.

அன்று பாடியவற்றில் ஒன்றுகூட, மூன்று வாரம் முன்பு வெளியான அவர்களுடைய ‘ரிவால்வர்’ ஆல்பத்தைச் சேர்ந்ததல்ல. புத்தம் புதிய இசைத்தட்டு கடைகளில் விற்றுக்கொண்டிருக்கிறது. அதை உருவாக்கியவர்களோ அதிலிருந்து ஒரு பாட்டையும் மேடைக்குக் கொண்டுவரவில்லை. 1966இல் நடந்த அத்தனை களேபரத்துக்கும் உள்ளே இருந்த விஷயம் இதுதான். மேடை பாடகர்களைத் துரத்தியது. அவர்கள் ஓடி ஒளிந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் ராக் இசை வேறொன்றாக வளர்ந்தது.

இன்று எந்த மெல்லிசைக் கச்சேரியிலும் பாடகரின் காலடியில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும், தன் குரலைத் தானே கேட்பதற்காக. பீட்டில்ஸுக்கு அந்த வசதி கிடையாது. பல மைதானங்களில் அறிவிப்பு செய்யும் ஒலிபெருக்கி வழியாகத்தான் பாட்டே போனது. ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகளின் அலறல் அதை அப்படியே விழுங்கிவிடும். முன்னால் நிற்பவர்களின் முதுகும் தலையும் அசைவதைப் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று ஊகித்து வாசித்ததாக டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டார் சொல்லியிருக்கிறார். தன் வாசிப்பு தன் காதிலேயே விழாத கலைஞனுக்கு அதைவிட அவமானம் என்ன இருக்க முடியும்?

அந்தக் கோடையில் அவமானத்தோடு ஆபத்தும் சேர்ந்துகொண்டது. டோக்கியோவில், தற்காப்புக் கலைகளுக்காகக் கட்டப்பட்ட புடோகான் அரங்கில் பாட்டுக் கச்சேரியா என்று தேசியவாதிகள் கொதித்தார்கள். போலீஸ் காவலுக்கு நடுவில் பாடினார்கள். அடுத்து மணிலா. அதிபர் மாளிகையில் அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸ் ஏற்பாடு செய்த வரவேற்புக்குக் குழு போகவில்லை. அழைப்பை மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் தரப்பு ஏற்கவே இல்லை. ஆனால் காலி நாற்காலிகளைத் தொலைக்காட்சி நாட்டுக்கே காட்டிவிட்டது. மறுநாள் பாதுகாப்பைத் திரும்பப் பெற்றார்கள். விமான நிலையத்தில் நகரும் படிக்கட்டை நிறுத்திவிட்டதால் வாத்தியங்களைத் தாங்களே தூக்கிக்கொண்டு ஏற வேண்டியதாயிற்று. வழியெல்லாம் தள்ளும் உதையும்.

அங்கிருந்து வந்து இறங்கிய இடம் டெல்லி. நம்மை இங்கே யாருக்கும் தெரியாது, நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்த ஜார்ஜ் ஹாரிசனை விமான நிலையத்திலேயே ரசிகர் கூட்டம் வரவேற்றது.

பெரிய புயல் அமெரிக்காவில் காத்திருந்தது. மார்ச் மாதம் லண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழின் மொரீன் கிளீவிடம் பேசும்போது, கிறிஸ்தவம் தேய்ந்துவருகிறது, இப்போது இயேசுவைவிட நாங்கள்தான் பிரபலம் என்ற பொருளில் ஜான் லெனன் ஒரு வார்த்தை விட்டிருந்தார். இங்கிலாந்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஜூலை இறுதியில் ‘டேட்புக்’ என்ற அமெரிக்க இளைஞர் இதழ் அதை மறுபடி அச்சிட்டதும் தென் மாநிலங்கள் பற்றிக்கொண்டன. அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒரு வானொலி நிலையம் பீட்டில்ஸ் பாட்டுகளுக்குத் தடை போட்டது. பல ஊர்களில் இசைத்தட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். சிகாகோவில் செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து லெனன் விளக்கம் சொல்லி வருத்தம் தெரிவித்தார். மெம்ஃபிஸ் கச்சேரியில் யாரோ ஒரு பட்டாசை மேடையை நோக்கி வீசினார்கள். துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்து, விழுந்தது யார் என்று நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்; கைகள் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தன. அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் கேண்டில்ஸ்டிக் பார்க்.

பாப் டிலனுக்கு வேறு விதமான அடி. அந்த ஆண்டு உலகப் பயணத்தில் கச்சேரியின் முதல் பாதியில் அவர் தனியாகக் கிதாரும் ஹார்மோனிகாவும் வைத்துப் பாடுவார். கூட்டம் மூச்சு விடாமல் கேட்கும். இரண்டாம் பாதியில் ஹாக்ஸ் என்ற பின்னணிக் குழுவோடு எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டு வந்தால் ஊளை. மே 17, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால். பாட்டுகளுக்கு இடையே ஒரு குரல் அவரை ‘யூதாஸ்’ என்று கத்தியது. டிலன் குழுவின் பக்கம் திரும்பி, உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார். அந்த ஒலிப்பதிவு 1998இல்தான் முறையாக வெளியானது. கேட்கும்போதெல்லாம் அந்த ஒற்றைக் குரல்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. நாட்டுப்புறப் பாட்டைத் தன் அரசியலாகவும் மனசாட்சியாகவும் நினைத்த ஒரு தலைமுறையின் வலி அதில் இருக்கிறது. ஆனால் டிலன் பக்கம்தான் நியாயம்.

ஏனென்றால், அதே ஆண்டு நாஷ்வில்லில் ‘பிளாண்ட் ஆன் பிளாண்ட்’ ஆல்பத்தை அவர் பதிந்த விதத்தைப் பாருங்கள். கூலிக்கு வந்த வாத்தியக்காரர்கள் வெளியே சீட்டாடிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்க, டிலன் உள்ளே எழுதிக்கொண்டே இருந்தார். விடியற்காலையில்தான் கூப்பிட்டார். பாட்டு எவ்வளவு நீளம் என்று யாருக்கும் சொல்லவில்லை. மூன்று நிமிடப் பாட்டுக்குப் பழகியவர்கள், ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் இதோ முடிகிறது என்று வேகம் கூட்டினார்கள். பாட்டு முடியவில்லை, மறுபடி தணிந்தார்கள். 11 நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்த ‘சாட் ஐட் லேடி ஆஃப் தி லோலேண்ட்ஸ்’ இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதில் அலை மாதிரி ஏறி இறங்கும் அந்த வாசிப்பு திட்டமிட்டு வந்ததே அல்ல. ஜூலை 29 அன்று உட்ஸ்டாக் அருகே அவருக்கு மோட்டார் சைக்கிள் விபத்து. அதன்பின் டிலன் சுற்றுப்பயணம் புறப்பட்டது 1974இல்தான்.

மறுபடி பீட்டில்ஸிடம் வருவோம். லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் அதே ஆண்டு ஏப்ரல் 6 அன்று ‘ரிவால்வர்’ ஒலிப்பதிவு தொடங்கியபோது ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்குக்கு 20 வயது. ஸ்டுடியோ விதிகள் அனுமதிக்காத அளவு நெருக்கமாக டிரம்ஸ் பக்கத்தில் மைக்கை வைத்தார். பெரிய டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். தன் குரல் மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோல வர வேண்டும் என்றார் லெனன். ஆர்கனோடு இணைத்து வாசிக்கிற, சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அந்தக் குரலைச் செலுத்தினார்கள். டேப் துண்டுகளை வளையமாக ஒட்டி, பென்சிலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு பல இயந்திரங்களில் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். ‘டுமாரோ நெவர் நோஸ்’ பிறந்தது இப்படி. அடியில் தம்பூரா, பாட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே சுருதியில் நிற்கும். மேற்கத்தியக் காதுக்கு விநோதமாகப் பட்டது, சுருதிப் பெட்டியோடு வளர்ந்த நம் காதுக்கு உடனே பிடிபடும்.

ஹாரிசனின் ‘லவ் யூ டு’ பாட்டில் தபலா வாசித்த அனில் பாகவத்தின் பெயரை ஆல்பத்தின் உறையிலேயே அச்சிட்டார்கள். ஜூனில் ரவிசங்கரைச் சந்தித்த ஹாரிசன், பீட்டில்ஸ் பயணங்கள் ஓய்ந்ததும் செப்டம்பரில் பம்பாய்க்கு வந்து சிதார் கற்க உட்கார்ந்தார்.

ரோலிங் ஸ்டோன்ஸ் ‘பெயிண்ட் இட் பிளாக்’கில் சிதார் சேர்த்ததும், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் லண்டனில் வந்து இறங்கியதும், லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் ஸ்ட்ரிப்பில் ஊரடங்கை எதிர்த்து இளைஞர்கள் போலீசோடு மோதியதும் இதே ஆண்டில்தான். ஆனால் எனக்கு இந்த ஆண்டின் மையம் பீச் பாய்ஸ் குழுவின் 23 வயது பிரையன் வில்சன்.

1964 டிசம்பரில் விமானத்துக்குள்ளேயே பீதியில் உடைந்துபோன பிறகு, பீச் பாய்ஸ் பயணங்களிலிருந்து அவர் ஒதுங்கியிருந்தார். குழு ஜப்பானில் பாடிக்கொண்டிருக்க, இவர் லாஸ் ஏஞ்சலிஸில் ஹால் பிளெய்ன், கேரல் கேய் போன்ற தேர்ந்த ஸ்டுடியோ கலைஞர்களை வைத்து ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தின் இசையை உருவாக்கினார். சைக்கிள் மணி கேட்கும், கடைசியில் அவருடைய நாய்கள் குரைக்கும். அக்டோபரில் ‘குட் வைப்ரேஷன்ஸ்’. நான்கு ஸ்டுடியோக்களில் மாதக்கணக்கில் துண்டு துண்டாகப் பதிந்து, பிளேடால் வெட்டி ஒட்டிய மூன்றரை நிமிடம். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் முதலிடம். ஒரு பாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை யாருமே ஒரு தடவைகூடச் சேர்ந்து வாசிக்காமல் உருவாக்கலாம் என்பதை அது வெகுஜனங்களுக்கே காட்டியது.

மேடையைத் திட்டிவிட்டு ஸ்டுடியோவைப் புகலிடம் என்று முழுசாகச் சொல்ல எனக்கு மனம் வராததற்கும் அவரே காரணம். மேடையில் கூட்டத்தின் அலறலாவது பாட்டை முடித்துவைக்கும். ஸ்டுடியோவில் போதும் என்று சொல்ல ஆளில்லை. அதே முறையில் ஒரு முழு ஆல்பமாக அவர் தொடங்கிய ‘ஸ்மைல்’, கைவசம் குவிந்த துண்டுகளுக்கு நடுவே சிக்கியது. போதைப்பழக்கமும் குலைந்த மனநிலையும் குழுவுக்குள் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்து 1967இல் அதைக் கைவிடவைத்தன. பல ஆண்டுகள் அவரால் அதைப் பற்றிப் பேசக்கூட முடியவில்லை. 2004 பிப்ரவரியில், 61 வயதில், லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் இளைய கலைஞர்கள் சூழ உட்கார்ந்து ‘ஸ்மைல்’ முழுவதையும் முதன்முறையாகப் பாடி முடித்தார். மேடையில்தான்.