இருண்ட கதைகளும் ஆயரின் செவியும்

போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டோரின் வாழ்வை ஒளிவுமறைவின்றிச் சித்திரிக்கும் சிறுகதைகளை ஓர் ஆயர் படிப்பதால் விளையும் பயன் யாது? திருமறையை ஆழ்ந்து கற்கவே நேரம் போதாதபோது, நம்பிக்கையின் கீற்றும் அரிதாகத் தோன்றும் கதைகளில் ஏன் உழல வேண்டும்? இறையியல் மாணவர் பலர் இவ்வினாவை நம்மிடம் எழுப்பியதுண்டு. இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. விடை காண இரு அமெரிக்கப் படைப்புகளைத் துணைக்கொள்வோம்.

முதலாவது, ஜேம்ஸ் பால்ட்வின் 1957-ஆம் ஆண்டில் வெளியிட்ட "சன்னிஸ் ப்ளூஸ்" என்னும் சிறுகதை. பால்ட்வின் 1924-இல் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் பிறந்த கறுப்பினத்தவர். 14-ஆம் வயதிலிருந்து ஏறத்தாழ மூன்றாண்டுகள் பெந்தெகொஸ்தே சபையில் இளம் பிரசங்கியாராக இருந்தவர். பின்னர்ப் பிரசங்க பீடத்தை விட்டு எழுத்துப் பணியை மேற்கொண்டவர்.

கதையைக் கூறுபவர் ஹார்லெமில் இயற்கணிதம் கற்பிக்கும் ஆசிரியர். தம் தம்பி சன்னி ஹெராயின் வழக்கில் கைதான செய்தியை அவர் செய்தித்தாளில் படித்தே அறிகிறார். தம்பியைக் கைவிடலாகாது என்று தாய் முன்னரே அவரிடம் வேண்டியிருந்தார். நேர்வதைத் தடுக்க இயலாவிடினும், அண்ணன் உடனிருப்பதைத் தம்பி உணரச் செய்வதே அத்தாய் ஒப்படைத்த கடமை. ஆயினும் அண்ணன் நெடுங்காலம் தம்பிக்கு ஒரு மடலும் எழுதவில்லை. அவருடைய சிறுமகள் இளம்பிள்ளை வாதத்தால் இறந்த பின்னரே எழுதுகிறார். தம் துயரத்தின் வழியாகவே பிறர் துயரம் அவருக்கு மெய்ப்படுகிறது.

இந்த அண்ணன் தீயவர் அல்லர். ஒழுக்கமும் கல்வியும் பொறுப்பும் உடையவர். தம்பிக்கு நன்மையையே விரும்புகிறவர். அவரிடம் உள்ள குறை ஒன்றே: தம்பி பேசத் தொடங்கியவுடன் இவர் அறிவுரை கூறத் தொடங்கிவிடுகிறார். இவ்விடத்தில் ஆயர்களாகிய நாம் நம் முகத்தையே கண்ணாடியில் காண்கிறோம் எனலாம்.

நாம் சபை ஊழியத்தில் இருந்த காலத்தில், குடியினின்று விடுபட இயலாமல் தவித்த இளைஞர் ஒருவர் ஒரு மாலையில் குருமனைக்கு வந்தார். அவர் பேசத் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருக்கும். நாம் திருமறையைத் திறந்து ஒரு பகுதியை வாசித்தோம், ஜெபித்தோம், அனுப்பிவைத்தோம். அவர் நன்றி கூறிச் சென்றார், மீண்டும் வரவில்லை. நாம் வாசித்த பகுதியிலும் பிழையில்லை, ஜெபத்திலும் பிழையில்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்பதை மட்டும் நாம் இன்றளவும் அறியோம்.

பால்ட்வினின் கதை இறுதியில் ஓர் இசையரங்கிற்கு நம்மை அழைத்துச் செல்கிறது. சன்னி பியானோ வாசிக்கிறான். அண்ணன் இருளில் அமர்ந்து முதன்முறையாக முழுமையாகக் கேட்கிறார். அவர் தம்பிக்கு அனுப்பிய பானம் பியானோவின்மேல் ஒளிர்கிறது. அதனை ஏசாயா 51-ஆம் அதிகாரம் கூறும் தத்தளிப்பின் பாத்திரத்திற்கு ஒப்பிட்டு ஆசிரியர் கதையை முடிக்கிறார். அப்பாத்திரத்தைத் தம் மக்களின் கையினின்று நீக்குவதாக ஆண்டவர் அங்கே வாக்களிக்கிறார். ஆனால், சன்னி விடுதலை பெற்றுவிட்டான் என்று கதை எங்கும் கூறவில்லை. அவன் மீண்டும் வீழக்கூடும். கேட்கப்பட்டான் என்பது மட்டுமே உறுதி.

இரண்டாவது படைப்பு இன்னும் கடுமையானது. டெனிஸ் ஜான்சன் 1992-இல் வெளியிட்ட "ஜீசஸ் சன்" என்னும் நூலில் 11 கதைகள் உள்ளன. ஆசிரியரே போதைக்கு அடிமைப்பட்டு மீண்டவர். நூற்பெயரோ ஹெராயினைப் பற்றிய பாடல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. முதற்கதையில், போதையிலிருக்கும் இளைஞன் விபத்து நேரும் என முன்னரே உணர்ந்தும் ஒரு குடும்பத்தாரின் காரில் ஏறிக்கொள்கிறான். விபத்து நேர்கிறது, அவன் எவரையும் காப்பாற்றவில்லை. தன்னிடமிருந்து உதவியை எதிர்பார்க்கும் வாசகரை அவன் ஏளனம் செய்வதோடு கதை முடிகிறது. ஆறுதலை நாடிப் படிப்பவருக்கு இங்கு ஒன்றும் கிட்டாது.

இத்தகைய முடிவு திருமறைக்குப் புறம்பானதா? 88-ஆம் சங்கீதத்தை நோக்குக. பிற புலம்பற் சங்கீதங்கள் பலவற்றில் இறுதியில் துதி எழும். இச்சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. அதனைத் தொகுத்தோர் ஆறுதலான முடிவு ஒன்றைச் சேர்த்துவிடவில்லை. ஆயினும் அவ்விருளிலிருந்து எழும் குரல் கடவுளை நோக்கியே எழுகிறது. யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறவாது தரையில் அமர்ந்திருந்தனர். வாய் திறந்து விளக்கம் கூறத் தொடங்கிய பின்னரே அவர்கள் கடிந்துகொள்ளப்பட்டனர்.

ஜான்சனின் கடைசிக் கதையில் அந்த இளைஞன் போதையை விட்டு, முதியோரும் ஊனமுற்றோரும் வாழும் இல்லமொன்றில் பணியாற்றுகிறான். அந்நாட்களிலும் ஒரு மெனோனைட் தம்பதியரின் வீட்டுச் சன்னலருகே இரவில் மறைந்து நின்று பார்க்கும் இழிவான பழக்கம் அவனிடம் உள்ளது. ஓர் இரவு, மனத்தாங்கலுக்குப்பின் கணவன் மண்டியிட்டு மனைவியின் கால்களைக் கழுவுவதை அவன் காண்கிறான். யோவான் 13-ஆம் அதிகாரத்தை நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அக்காட்சியை வெளியே இருட்டில் நின்று காண்பவனுக்கு அது எவ்வாறு தோன்றும் என்று எண்ணியிருக்கிறோமா?

ஆகவே இக்கதைகளைப் பிரசங்க எடுத்துக்காட்டுகளுக்காக அவசரமாகப் புரட்டுதல் தகாது. "பாவத்தின் சம்பளத்தைப் பாரீர்" என்று சுட்டிக்காட்டப் பயன்படுத்தினால், அறிவுரை கூறி ஓய்ந்த அந்த அண்ணனின் நிலையிலேயே நாமும் நிற்போம். மாணவர்கள் சிறு குழுவாக அமர்ந்து ஒரு கதையை முழுவதும் வாசித்துச் சிறிது நேரம் மௌனமாயிருப்பது நலம். பின்பு, "இம்மனிதர் எதைக் கேட்கிறார்? எவ்விடத்தில் நாம் இடைமறிக்க விரும்பினோம்? ஏன்?" என வினவலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. அண்மையில் போதையினின்று மீண்டவரிடம் இக்கதைகளை ஆராயாது கொடுத்தல் ஆகாது. பழைய வேட்கையை அவை கிளறக்கூடும். மேலும், போதை அடிமைத்தனம் மருத்துவம் தேவைப்படும் நோயுமாகும். செவிகொடுத்தல் சிகிச்சைக்கு மாற்றாகாது. ஆனால் சிகிச்சையை நாடிச் செல்லும் துணிவு பலருக்கு ஒருவர் செவிகொடுத்த இடத்திலேயே பிறக்கிறது.

நற்செய்தியை நாம் கூறாதிருக்கலாகாது, அதற்காகவே அழைக்கப்பட்டோம். லாசருவை எழுப்பவிருந்த ஆண்டவரும் முதலில் கண்ணீர் விட்டார் என்பதை மறவாதிருப்போம். குருமனையின் கதவை மாலையில் தட்டுகிறவர் தம் கதையைச் சொல்லி முடிக்கும்வரை, திருமறை நம் மடியில் மூடியபடியே சற்று நேரம் இருக்கட்டும்.