கரைப்பதா, வளர்ப்பதா?

பளு தூக்கும் பயிற்சியில் புதிதாகச் சேரும் இளைஞர் பலர் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியோடு வீடு திரும்புகின்றனர். முதலில் கொழுப்பைக் கரைப்பதா, அல்லது தசையை வளர்ப்பதா? சோற்றை அடியோடு நிறுத்து என்கிறான் ஒரு நண்பன். கிடைத்ததையெல்லாம் உண்டு முதலில் பருத்துக்கொள், பிறகு இளைக்கலாம் என்கிறான் மற்றொருவன். பிள்ளை குழம்புகிறான், அவனுக்கு உணவு பரிமாறும் அன்னையோ அவனினும் அதிகமாகக் குழம்புகிறாள். ஆகவே, இக்கேள்வி உடற்பயிற்சிக் கூடத்துக்கு மட்டும் உரியதன்று. நம் அடுக்களைக்கும் உரியது.

வலிமையைப் போற்றுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றிக் காட்டுவது ஆண்மகனின் தகுதிக்குச் சான்றாகக் கருதப்பட்டது. ஆனால், அக்கல்லைத் தூக்கியவன் ஏரிலும் ஏற்றத்திலும் உரம் ஏறியவன். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களை ஒட்டிய நம் வன்னியம்பட்டியிலும் இன்று வாழ்க்கை மாறிவிட்டது. நடந்து சென்ற தொலைவை இருசக்கர வாகனம் கடக்கிறது. காலையில் இட்லி, நண்பகலில் சோறு, இரவில் தோசை என மூவேளையும் மாவுச்சத்தே மிகுகிறது. விருந்தினர் வந்தால் பால்கோவாவும் உண்டு. விளைவு என்ன? கையும் காலும் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்தள்ளிய உருவம்!

இதனை விளக்கும் சான்று ஒன்று உண்டு. புனே நகர மருத்துவர் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரின் படமும் 2004-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. உயரத்துக்கேற்ற எடையைக் கணிக்கும் குறியீட்டு எண் இருவருக்கும் 22.3 தான். எனினும், யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலிலோ 21.2 விழுக்காடு. தராசு இருவரையும் ஒன்றெனக் காட்டியது. உள்ளே இருந்த நிலை வேறு. இந்தியருள் பலர் தசை குறைந்து, கொழுப்பு மிகுந்த இத்தகைய உடல்வாகு உடையோரே.

இது அழகு பற்றிய கவலை மட்டுமன்று. உண்ட உணவின் சர்க்கரையை இரத்தத்திலிருந்து பெருமளவில் வாங்கிச் சேமிப்பது தசையே. அக்களஞ்சியம் சிறுத்து, வயிற்றுக் கொழுப்பும் பெருத்தால் நீரிழிவுக்கு வழி திறக்கிறது. நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் கணித்தது.

அப்படியாயின், எது முதலில்? பிள்ளையின் உடலைப் பார்த்தே விடை கூற வேண்டும். மெலிந்த கை கால்களும் தொந்தியும் உடைய தொடக்கப் பயிற்சியாளன் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யத் தேவையில்லை. பளுவுக்குப் பழகாத தசை புதிய வேலைக்கு விரைவாக இணங்கும். உணவைச் சற்றே குறைத்து, புரதத்தைக் கூட்டினால், உடல் தன் கொழுப்பை எரிபொருளாக்கிக்கொண்டே தசையையும் கட்டும். கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. உணவைப் பெரிதும் குறைத்து, கடுமையாகப் பயின்று, புரதத்தை மிகுதியாக உண்ட இளைஞர்கள் நான்கு வாரங்களில் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்தனர். கொழுப்பல்லாத உடல் எடையில் 1.2 கிலோ கூடினர். அத்தகைய கடுமையை வீட்டில் தாமாகப் பின்பற்றலாகாது. மிதமான வழியே நமக்கு ஏற்றது.

தொந்தியின்றி உண்மையிலேயே மெலிந்தவன் உணவைக் குறைத்தல் தவறு. அவன் சற்று மிகுதியாக உண்டு பயில வேண்டும். மிகப் பருத்தவன் முதலில் எடையைக் குறைக்கட்டும். ஆயினும் பளுவை விடலாகாது. விட்டால் கொழுப்போடு தசையும் கரையும். வளரும் பருவத்துச் சிறுவரைப் பட்டினி போடவே கூடாது.

இனி, தட்டைப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள பயிற்சியாளனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 95 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பாலில் 16, ஐம்பது கிராம் பருப்பில் 11, அதே அளவு கொண்டைக்கடலையில் 10, ஒரு பிடி நிலக்கடலையில் 7, நூறு கிராம் மீனில் 20 என 76 கிராம் கிடைத்துவிடுகிறது. எஞ்சியதைச் சோறும் இட்லியும் ஏறக்குறைய நிரப்பும். ஓர் அகப்பை சோற்றைக் குறைத்து, ஒரு கிண்ணம் சுண்டலைக் கூட்டுவதே தொடக்கம். விலையுயர்ந்த புரதப் பொடிகளைத் தவிர்க்குமாறு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் அறிவுறுத்தியது. விரைவில் உடல் கட்டுவதாகச் சொல்லித் தரப்படும் ஊக்க ஊசிகளோ இதயத்தையும் கல்லீரலையும் மகப்பேற்றுத் திறனையும் கெடுப்பவை. அவற்றை வீட்டு வாசலிலேயே தடுப்பது பெற்றோர் கடமை. சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்த பின்னரே உணவை மாற்ற வேண்டும்.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் பயிற்சி போதும். தண்டாலும் பஸ்கியும் பழகி, பின்னர் சிறு பளுவிலிருந்து படிப்படியாக உயரலாம். இடையே ஓய்வும், இரவில் நல்ல உறக்கமும் தேவை.

முன்னேற்றத்தை எதனால் அறிவது? தையற்காரரின் நாடாவால்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளிவிட்ட பின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. மூன்று மாதம் கழித்துத் தராசு முள் அசையாதிருக்கலாம். ஆனால், இடுப்பளவு குறைந்து, தூக்கும் பளு கூடியிருந்தால், கரைய வேண்டியது கரைகிறது, வளர வேண்டியது வளர்கிறது என்று பொருள்.

பெற்றோரே, நாடாவை மகனுக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள். தந்தையும் தாயும் அளந்து பார்க்கட்டும். வலிமை தரும் பயிற்சியை வாரம் இரு நாளேனும் செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோர் அனைவருக்கும் பரிந்துரைக்கிறது. மகனுக்கென அவித்த சுண்டல் வீட்டிலுள்ள எல்லோருக்கும் பொருந்தும்.