கை கடிக்கிறது: காரணம் வாசனைதானா?

ஊரில் உள்ளங்கை கடித்தால் காசு வரப் போகிறது என்று சொல்லிச் சிரிப்போம். லண்டனில் எங்களுக்குக் கை கடித்தபோது இருக்கிற வேலையும் போய்விடுமோ என்றுதான் பயந்தோம்.

நாங்கள் பார்க் றோயல் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். அதன் பெயர் இங்கே தேவையில்லை. கை கழுவும் திரவச் சவர்க்காரம், உடுப்புத் தோய்க்கும் திரவம், அறைக்கு அடிக்கும் வாசனை ஸ்பிறே எல்லாவற்றையும் போத்தலில் நிரப்பி, மூடி, பெட்டியில் அடுக்கும் வேலை. எங்கள் லைனில் தமிழர் ஆறு பேர். எல்லோரும் ஓ.எல்., ஏ.எல். உடன் படிப்பு நின்றுபோனவர்கள். இரசாயனம் என்றால் பள்ளிக்கூடத்தில் லிற்மஸ் தாள் நிறம் மாறினதைப் பார்த்த அளவுதான். வாசனைத் திரவத்தைப் பீப்பாவிலிருந்து கலவைத் தொட்டிக்குள் ஊற்றும்போது மண்டபம் முழுக்க மணக்கும். பஸ்சில் பக்கத்தில் இருக்கிற சனம், என்ன சென்ற் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்கும்.

ஒரு வருடத்துக்குள் ஆறு பேரில் மூன்று பேருக்குக் கையில் வருத்தம் வந்துவிட்டது. விரலிடுக்கில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், பிறகு தோல் உரிவு, பிறகு வெடிப்பு. மூத்தவர் வவுனியா அக்கா. அவருக்குக் கண் இமையும் கழுத்தும் கூடத் தடித்தன. இரவில் கையைத் தலையணைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு படுப்பார். மிளகாய்த்தூள் தொட முடியாது, பிள்ளைக்குத் தலை இழுத்துவிட முடியாது.

எங்கள் வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தோம். மஞ்சள், வேப்பிலை, தேங்காய் எண்ணெய். லண்டன் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஒருவர். உடம்பில் சூடு என்றார் இன்னொருவர். ஊரிலிருந்து வந்த ஸ்ரெரொயிட் கிறீமைப் பூசினால் ஒரு கிழமை அடங்கும், பிறகு திரும்ப வரும். ஜீ.பி.யிடம் போக ஏழு மாதம் எடுத்தது. காரணம் வெட்கமில்லை. "ஏஜென்சிக்குத் தெரிஞ்சால் அடுத்த கிழமை போன் வராது" என்று அக்கா சொன்னார். அது பொய்ப் பயம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

கடைசியில் ஜீ.பி. எழுதிய கடிதத்தோடு மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போனார்கள். அங்கே செய்ததுதான் பட்ச் ரெஸ்ற். எங்கள் ஆட்களில் பலர் இதைக் கையில் ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை என்று நினைக்கிறார்கள். அது வேறு. குத்திப் பார்க்கிறது தும்மல், தூசி, கச்சான், இறால் போன்றவற்றுக்கு. கால்மணித்தியாலத்தில் முடிவு தெரியும். தோல் ஒவ்வாமை அவ்வளவு வேகமாக வராது. ஒரு பொருளை முதலில் தொடும்போது ஒன்றும் தெரியாது. உடம்பின் காவற்கலங்கள் அதை எதிரி என்று மனதில் பதித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எப்போது தொட்டாலும் ஒன்றிரண்டு நாளில் தோல் கிளம்பும். "பத்து வருஷமாய் இதைத்தானே பாவிக்கிறன், இது எப்படிச் செய்யும்?" என்று கேட்பது அதனால் சரியான கேள்வியல்ல. பத்தாவது வருடத்திலும் பதியலாம். பதிந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும்தான்.

இந்தச் சோதனையை 1895இல் யோசெப் யடாசோன் என்ற தோல் வைத்தியர் முதன்முதலாக விளக்கிக் காட்டினார். நூற்றாண்டுக்கு மேலாகியும் முறை பெரிதாக மாறவில்லை. சந்தேகப்படும் பொருட்களை ஒவ்வொன்றாக வாசலின் போன்ற களிம்பில் அளவோடு கலந்து, சட்டைப் பொத்தானைவிடச் சின்னக் கிண்ணங்களில் வைத்து, ரேப்பால் முதுகில் ஒட்டுவார்கள். அக்காவுக்கு நாற்பதுக்கு மேல். இரண்டு நாள் அப்படியே இருக்க வேண்டும். இரண்டாம் நாள் கழற்றி, இடத்தைப் பேனாவால் குறித்துப் பார்ப்பார்கள். நான்காம் நாள் அளவில் திரும்பவும் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது பார்வை முக்கியம். சிலதுகள் பிந்தித்தான் கிளம்பும். எனவே ஒரு கிழமைக்குள் மூன்று தரம் போக வேண்டும். முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. தோயாமல் இருப்பது எங்கள் ஆட்களுக்குப் பெரிய சோதனை. அக்கா அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கே போகவில்லை.

ஸ்ரெரொயிட் மாத்திரை எடுப்பவர்களும், முதுகில் ஸ்ரெரொயிட் கிறீம் பூசினவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது ஒவ்வாமையை மறைத்துவிடும். இன்னொன்று எங்கள் நிறம் பற்றியது. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது எங்கள் தோலில் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ, சிலவேளை தெரியாமலோ இருக்கும். அக்காவின் முதுகைப் பார்த்த தாதி விரலால் தடவித் தடிப்பைத் தேடினார். நல்ல கிளினிக்கில் அப்படித்தான் செய்வார்கள். உங்களுக்கு அப்படிச் செய்யாவிட்டால் தடவிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை.

வாசனையைச் சோதிப்பது எப்படி என்று கேட்டபோதுதான் எங்களுக்கு ஆச்சரியம். ஒரு சென்ரில் நூற்றுக்கணக்கான பொருள் இருக்கலாம், எல்லாவற்றையும் ஒட்ட முதுகு காணாது. எனவே 1977இல் லார்சன் என்ற அமெரிக்க வைத்தியர் எட்டுப் பொருட்களைத் தெரிந்தெடுத்தார். வாசனைக் கலவை என்று இன்றும் ஒட்டுவது அதிலிருந்து வந்ததுதான். அந்த எட்டில் இரண்டு கறுவாவின் வாசனை, இரண்டு கராம்போடு சேர்ந்தது, ஒன்று மரத்தில் வளரும் பாசி. ஜெரனியோல் என்ற இன்னொன்று இலங்கைச் சிற்றொனெல்லா எண்ணெயிலும் இருக்கிறது. எங்கள் குசினியும் எங்கள் நாட்டு எண்ணெயும் லண்டன் ஆஸ்பத்திரிக் குப்பிக்குள்! "இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்று எண்ணெயும் சந்தனமும் விற்பவர்கள் சொல்வதை நாங்கள் அன்றோடு நம்புவதை விட்டோம். தோலுக்கு இயற்கை, செயற்கை தெரியாது. தோடம்பழ வாசத்துக்குச் சேர்க்கும் லிமொனீன், லவெண்டரில் உள்ள லினலூல் இரண்டும் காற்றுப்பட்டுப் பழசாகும்போதுதான் கூடுதலாக ஒவ்வாமை தரும் என்றும் கண்டிருக்கிறார்கள். திறந்து வருடக்கணக்காக வைத்திருக்கும் போத்தலை எறிந்துவிடலாம்.

இன்னொரு விதச் சோதனையும் உண்டு. ஆளுக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்ப்பதல்ல, ஒரு புதிய பொருள் ஒவ்வாமையை உண்டாக்குமா என்று விற்க முன்னர் பார்ப்பது. அதைக் கினிப்பன்றியிலும் எலியிலும் செய்தார்கள், மனிதரிலும் செய்தார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஹோம்ஸ்பேர்க் சிறையில் கிளிக்மன் என்ற தோல் வைத்தியர் கைதிகளின் முதுகில் பலவிதப் பொருட்களை ஒட்டிச் சோதித்தார். 1974இல்தான் அது நின்றது. பெரும்பாலும் வறிய கறுப்பின மனிதர்கள், சில டொலருக்காக முதுகு கொடுத்தவர்கள். இதை அறிந்தபோது எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மிருகங்களில் சோதித்த அழகுசாதனப் பொருட்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் முழுதாகத் தடைசெய்தது.

எங்கள் முடிவுகளுக்கு வருவோம். மூன்று பேருக்கும் ஒரே லைன், ஒரே மாதிரிக் கை. நாங்கள் ஆறு பேரும் பீப்பா வாசனைதான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அக்காவுக்கு அது சரி: வாசனைக் கலவை கிளம்பியது, தனித்தனியாக ஒட்டியபோது ஜெரனியோலும் இன்னும் இரண்டும் பிடிபட்டன. இரண்டாமவருக்கு வாசனையே இல்லை. கையைக் காப்பாற்ற என்று நாள் முழுக்கப் போட்டிருந்த றப்பர் கையுறைதான்! றப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தைராம் என்ற பொருள். மூன்றாமவருக்கு ஒன்றுமே கிளம்பவில்லை. அவருக்கு ஒவ்வாமை அல்ல, ஈரமும் சவர்க்காரமும் தோலை அரித்த காயம். மூன்று பேரும் ஒரே கிறீமைப் பங்குபோட்டுப் பூசிக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

இந்த முடிவுகள் வைத்தியசாலைக் கோப்புக்குள் தூங்கிவிடுவதில்லை. லிரால் என்ற வாசனைப் பொருள் ஆயிரக்கணக்கானோரின் முதுகில் கிளம்பியதை வைத்தியர்கள் எண்ணி எண்ணி எழுதினார்கள். 2019 ஓகஸ்டுக்குப் பிறகு அதைச் சேர்த்த புதிய அழகுசாதனங்களைச் சந்தைக்கு விடவும், 2021 ஓகஸ்டுக்குப் பிறகு கடையில் வைத்து விற்கவும் தடை வந்தது. 2005 முதல் 26 வாசனைப் பொருட்களின் பெயரை லேபலில் எழுத வேண்டும் என்ற சட்டமும் இப்படி வந்ததுதான். பூசி விடும் பொருள் ஒரு கிலோவில் 10 மில்லிகிராமுக்கு மேல், கழுவி விடும் பொருளில் 100 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அந்தப் பட்டியலை எண்பதுக்கு மேலாகக் கூட்டியது.

தொழிற்சாலைப் பீப்பாவில் இந்த லேபல் இராது. அதற்குப் பாதுகாப்புத் தகவல் தாள் என்று ஒன்று உண்டு. ஆபத்தான பொருட்களோடு வேலை செய்கிறவர் அதைப் பார்க்கக் கேட்கலாம், கொடுப்பது முதலாளியின் கடமை. கொஷ் என்று சொல்லும் 2002ஆம் ஆண்டுச் சட்டவிதி அது. அந்தத் தாளின் பிரதியையும், பாவிக்கும் கிறீம், ஷாம்பு, பவுடர், கையுறை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். அக்கா தாள் கேட்டபோது சுப்பவைசர் முகத்தைச் சுழித்தார். மூன்றாம் தரம் கேட்டபோது கிடைத்தது. மொழி தெரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள், காசில்லை. பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பேச வைக்காதீர்கள். அக்காவின் மகள் ஒன்பது வயதில் அம்மாவின் உடுப்புக் கழற்றும் அறையில் நின்று மொழிபெயர்த்தாள். எங்களுக்கு அது இன்னும் மனதை உறுத்துகிறது.

வைத்தியர் தந்த கடிதத்தோடு அக்காவைப் பெட்டி அடுக்கும் பக்கம் மாற்றினார்கள். மணிக்குச் சம்பளம் அதேதான், ஓவர்டைம் குறைந்துவிட்டது. கை மூன்று மாதத்தில் பெரும்பாலும் ஆறியது. றப்பர்க்காரர் வேறுவிதக் கையுறையோடு அதே லைனில் நிற்கிறார். மூன்றாமவர் வேலையை விட்டுவிட்டு ஹரோவில் ஒரு கடையில் காசாளராக இருக்கிறார்.

கறுவா போட்டுக் கறி சமைக்கலாமா என்று அக்கா வைத்தியரிடம் கேட்டார். சாப்பிட்டுக் கை கிளம்பினால் மட்டும் நிறுத்துங்கள், தூளைக் கையால் தொடாதீர்கள் என்றாராம். சந்தனமும் வாசனைப் பவுடரும்தான் போயின.

போன சனிக்கிழமை ஈலிங் றோட்டில் அக்காவைக் கண்டோம். கைப்பையில் மடித்து வைத்த தாளில் அந்த மூன்று பெயர்களும் பெரிய எழுத்தில். ஒரு கிறீம் போத்தலில் "அன்சென்ரட்" என்று போட்டிருந்தது. மணக்காது என்று அர்த்தம், வாசனைப் பொருள் இல்லை என்று அர்த்தமில்லை. மற்ற மணத்தை மறைக்கவும் வாசனை சேர்ப்பார்கள். போத்தலைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். ஆறாவது வரியில் ஜெரனியோல் இருந்தது. திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.