துருப்பிடித்த வளையங்கள்

உலக வாணிபத்தின் பெரும்பகுதி கடல் வழியாகவே நடைபெறுகிறது. ஆலைகளில் உற்பத்தியாகும் பொருள்களில் மிகுதியானவை இக்காலத்தில் 'கன்டெய்னர்' என்னும் இரும்புப் பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலேறுகின்றன. 1956-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி அமெரிக்காவின் நியூவர்க் துறையிலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 பெட்டிகளைச் சுமந்து ஹூஸ்டன் நகருக்குப் புறப்பட்டது. இன்றோ, இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,000 பெட்டிகளை ஏற்றக்கூடிய கப்பல்கள், ஏறக்குறைய 400 மீட்டர் நீளமுள்ளவை, ஸமுத்திரங்களைக் கடந்து செல்கின்றன. இவற்றின் பிரமாண்டத்தைக் கண்டு வியப்பவர் பலர். அப்பெட்டிகளைக் கப்பலோடு பிணைத்து நிறுத்தும் சிறு இரும்புத் துண்டுகளைப் பற்றி எண்ணுபவர் மிகச் சிலர். அவற்றைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

கப்பலின் சரக்கறைக்குள் இறக்கப்படும் பெட்டிகளுக்கு அதிகக் கவலையில்லை. செங்குத்தான இரும்புச் சட்டங்கள் நான்கு பக்கமும் நின்று அவற்றைத் தாங்கிக்கொள்கின்றன. மேல்தளத்தில் அடுக்கப்படும் பெட்டிகளின் நிலைமை வேறு. ஒவ்வொரு பெட்டியின் எட்டு மூலைகளிலும் துளையுள்ள கட்டிகள் அமைந்திருக்கின்றன. மேற்பெட்டியின் மூலைத் துளையையும் கீழ்ப்பெட்டியின் மூலைத் துளையையும் 'ட்விஸ்ட்லாக்' என்னும் திருகுபூட்டு இணைக்கிறது. கீத் டான்ட்லிங்கர் என்னும் அமெரிக்க இஞ்சினியர் உருவாக்கிய ஏற்பாடு இது. அன்றியும், குறுக்காகச் செல்லும் 'லாஷிங்' கம்பிகள் கீழடுக்குகளை இழுத்துப் பிடிக்கின்றன. கம்பியின் அடிநுனியை 'டர்ன்பக்கிள்' என்னும் முறுக்கி இறுக்குகிறது. அந்த முறுக்கியோ, கப்பலின் உடம்பில் பற்றவைக்கப்பட்ட ஒரு வளையத்தை அல்லது துளைத்தகட்டைப் பற்றிக்கொண்டிருக்கிறது.

பெட்டி, பூட்டு, கம்பி, முறுக்கி, வளையம், தளத்தகடு என்று இது ஒரு சங்கிலி. கப்பல் அலைகளிடையே இருபுறமும் உருளும்போது அடுக்கின் சுமை முழுவதும் ஒருமுறை இப்பக்கமும் மறுமுறை அப்பக்கமும் சாய்ந்து இச்சங்கிலியைப் பிடித்து உலுக்குகிறது. ஓர் அடுக்கு சரிந்தால் அது பக்கத்து அடுக்கின்மீது விழுந்து அதையும் தள்ளிவிடும். புதிய கம்பியும் புதிய பூட்டும் வாங்கி மாட்டிவிட்டோம் என்று திருப்தியடைவதில் என்ன பயன்? வளையம் தேய்ந்திருந்தால் வளையத்தின் பலமே சங்கிலியின் பலம். வளையக் கம்பியின் குறுக்களவு பத்தில் ஒரு பங்கு துருவால் குறைந்துபோனால், சுமை தாங்கும் அதன் பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் தேய்வு கணக்கில் அவ்வளவு சிறிதன்று.

இது வெறும் ஊகமல்ல. 2020-ம் வருஷம் மே 24-ந் தேதி, சீனாவிலிருந்து மெல்போர்ன் நோக்கிச் சென்ற 'ஏபிஎல் இங்கிலாந்து' என்னும் கப்பல், ஸிட்னி நகருக்குத் தென்கிழக்கே கொந்தளித்த கடலில் இயந்திரம் நின்று கடுமையாக உருண்டது. 50 பெட்டிகள் கடலில் விழுந்தன. முகமூடிகளும் வீட்டுச் சாமான்களும் ஸிட்னியின் கரைகளில் ஒதுங்கின. பிரிஸ்பேன் துறைக்குத் திருப்பப்பட்ட கப்பலை ஆஸ்திரேலியக் கடற்பாதுகாப்பு அதிகாரிகள் ஏறிப் பார்த்தார்கள். சரக்கைப் பிணைத்த ஏற்பாடு போதாதென்றும், மேல்தளத்தில் பெட்டிகளைப் பிணைக்கும் இடங்கள் துருவேறி வெகுவாக அரிக்கப்பட்டிருந்தன என்றும் அவர்கள் தெரிவித்தார்கள். கப்பல் தடுத்து வைக்கப்பட்டது. காப்டன்மீது குற்றம் சாட்டப்பட்டது.

அந்தத் துரு ஒரே இரவில் வந்ததா? கப்பலின் இரும்பை உப்புநீர் வருஷக்கணக்கில் அரிக்கிறது. அவ்வளவு காலமும் எத்தனை பேர் அத்தளத்தில் நடந்து சென்றிருப்பார்கள்! காப்டன்கள் மாறுகிறார்கள், மாலுமிகள் மாறுகிறார்கள், துரு மட்டும் கப்பலைவிட்டு இறங்குவதில்லை. விபத்து நேர்ந்த தினத்தில் தளத்தில் நின்றவரை மட்டும் கேள்வி கேட்பது நியாயத்தில் பாதியே என்பது நமது அபிப்பிராயம்.

பரிசோதனை என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். வர்ணம் பூசிய வளையத்தைத் தூரத்திலிருந்து பார்த்துப் புத்தகத்தில் கையொப்பமிடுவது பரிசோதனை ஆகாது. வர்ணம் துருவை மறைக்குமேயன்றிக் குணப்படுத்தாது. சுத்தியலாலும் கம்பித் தூரிகையாலும் துருவை உதிர்த்து, எஞ்சிய இரும்பின் கனத்தை அளக்க வேண்டும். பற்றவைப்பில் விரிசல் உண்டா என்று நோக்க வேண்டும். வளையத்தைத் தாங்கும் தகட்டின் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். எல்லை மீறித் தேய்ந்ததை அகற்றிப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். கழற்றி மாட்டும் பூட்டுகளில் உள்வில் தளர்ந்தனவும் கூம்பு தேய்ந்தனவும் உடனே பிரித்து வைக்கப்பட வேண்டும்; நல்லவற்றோடு கலந்துவிட்டால் அடுத்த துறையில் மறுபடியும் பெட்டிக்கடியில் சென்றுவிடும். வலப்புறம் திரும்பிப் பூட்டுவனவும் இடப்புறம் திரும்பிப் பூட்டுவனவும் ஒரே கப்பலில் கலந்திருத்தல் பெரும் அபாயம். பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று கீழே நிற்பவன் எவ்வாறு அறிவான்? முறுக்கிகளின் மரைகளுக்குக் கிரீஸ் இட வேண்டும். புறப்பட்ட பின்னும், புயலை எதிர்நோக்கும்போதும், கம்பிகள் தளர்ந்தனவா என்று சுற்றிவந்து பார்க்க வேண்டும்.

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின்படி, இத்தகைய ஒவ்வொரு கப்பலும் சரக்குப் பிணைப்புக் கைநூல் ஒன்றை வைத்திருக்க வேண்டும். கப்பலில் உள்ள பிணைப்புக் கருவிகள் எவை, அவற்றின் பலம் என்ன, அவற்றைப் பரிசோதித்துப் பராமரிக்கும் முறை யாது என்பவை அதில் அடங்கும். கைநூல் அலமாரியில் இருக்கிறது. வளையமோ மழையிலும் உப்பிலும் கிடக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடக்க மனிதரும் நேரமும் பணமும் வேண்டும். துறைமுகத்தில் தங்கும் ஒவ்வொரு மணியையும் நஷ்டமாகக் கணக்கிடும் முதலாளி, துருவை உதிர்க்க எத்தனை மணி கொடுப்பார்?

வருஷத்துக்கு ஏறக்குறைய 25 கோடிப் பெட்டிகள் கப்பலேறுகின்றன. 2024-ம் வருஷம் கடலில் விழுந்தவை 576 மட்டுமே. இதற்காக இவ்வளவு ஆரவாரமா என்று சிலர் கேட்கலாம். விழுந்த பெட்டிக்குக் கணக்கு எழுதுவது எளிது. பாதி மூழ்கி மிதக்கும் பெட்டியில் மோதும் மீன்படகுக்கும், பிளாஸ்டிக் மணிகள் பரவிய கரைக்கும், சரிந்த அடுக்கின் அடியில் நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கும் அந்த விகிதாசாரம் என்ன ஆறுதல் அளிக்கும்? பெட்டிகள் விழுவதற்குத் துரு ஒன்றே காரணமென்று நாம் கூறவில்லை. புயலும் உண்டு, பெட்டியின் எடையைத் தவறாக எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு, கனமான பெட்டிகளை மேலே அடுக்குவதும் உண்டு. ஆனால் புயலை நிறுத்த மனிதனால் இயலாது. துருவை நிறுத்த இயலும். இயன்றதைச் செய்யாமல், இயலாததன்மீது பழியைப் போடுவது நேர்மையன்று.

கடலில் பெட்டி விழுந்தால் காப்டன் உடனே அறிவிக்க வேண்டுமென்னும் சர்வதேச விதி 2026-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் விழுந்த பின் எண்ணுவதைக் காட்டிலும் விழுமுன் பார்ப்பது மேல். கப்பலைச் சோதித்துச் சான்றளிப்பவர்கள் வர்ணத்தின் அடியிலும் பார்க்கட்டும். முதலாளிகள் உதிரிக் கருவிகளுக்கும் வேலை நேரத்துக்கும் தாராளமாகச் செலவிடட்டும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் இக்கப்பல்களில் ஏறிப் பூட்டும் கம்பியும் கையாளுபவர்கள் நம்மவர்கள்; அவற்றில் மாலுமிகளாகச் செல்பவர்களிலும் நம்மவர் பலர். பழுதான பூட்டைக் கண்டால் "இதை மாட்டமாட்டேன்" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை வேண்டும். அவ்வாறு சொன்னவன் வேலையை இழக்கமாட்டான் என்ற உறுதியும் வேண்டும். கையொப்பங்கள் எத்தனை சேர்ந்தாலும் ஒரு பெட்டியையும் தாங்கா. தாங்குவது இரும்பே, அந்த இரும்பைக் காப்பது கவனமே.