மாதிரி விமானத்தின் முறிந்த கால்

புதுச்சேரி விமான நிலையம் இலாசுப்பேட்டையில், உழவர்கரை நகராட்சியின் எல்லைக்குள் அமைந்துள்ளது. அதன் ஓடுபாதை சுமார் 1500 மீட்டர் நீளம் உடையது. 2024 டிசம்பரில் இங்கே பயணிகள் விமானப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியபோது வந்து இறங்கியவை ஏ.டி.ஆர். 72 வகை விமானங்கள். தரையைத் தொடும்போது அத்தகைய விமானத்தின் எடை 22 டன் வரை இருக்கலாம். அந்த எடை தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்கி, உள்ளே இருப்பவர்களுக்குச் சிறு குலுக்கலாக மட்டும் தெரியச் செய்வது எது? விமானத்தின் அடியில் உள்ள சக்கரக்கால்தான். ஆங்கிலத்தில் இதனை 'லேண்டிங் கியர்' என்பார்கள்.

வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானங்களுக்கும் இதே கால் உண்டு. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்த மாணவர்களுக்கு மாதிரி விமானம் கட்டுவதும் பறக்கவிடுவதும் பயிற்சியின் ஒரு பகுதி. பொழுதுபோக்காக இதைச் செய்பவர்களும் நம் நாட்டில் பலர் உள்ளனர். இவற்றுள் பெரிய மாதிரிகளுக்கு இறக்கையின் நீளம் 2 மீட்டரைத் தாண்டும்; எடை 10 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். இத்தகைய மாதிரியில் அடிக்கடி சேதமடையும் உறுப்பு இந்தக் கால்தான். அதைச் சீர்செய்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

முறிந்த இடத்தை முன்னைவிடப் பலமாக ஆக்கிவிட்டால் போதும் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்யலாமா? அதற்கு விடை காண, கால் செய்யும் வேலையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

காலின் வேலை என்ன?

10 கிலோ எடையுள்ள ஒரு மாதிரி, விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி வந்து தரையில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதன்படி இங்கே 45 ஜூல் ஆற்றல் இருக்கிறது. விமானம் நிற்க வேண்டுமானால் இந்த ஆற்றல் முழுவதும் எங்காவது செலவாக வேண்டும்.

கால் வளைந்து கொடுத்து, 5 சென்டிமீட்டர் தூரத்திற்குள் விமானத்தை நிறுத்துகிறது என்றால், சராசரி விசை 900 நியூட்டன். இது சுமார் 92 கிலோ எடைக்குச் சமம். வளையாத விறைப்பான கால் 1 சென்டிமீட்டர் தூரத்திற்குள் நிறுத்திவிட்டால் விசை 4500 நியூட்டன். ஏறத்தாழ 460 கிலோ! அதே விமானம், அதே வேகம். ஆனால் உடல் தாங்க வேண்டிய அடி ஐந்து மடங்காகிவிட்டது. பந்தைப் பிடிக்கும்போது நாம் கையைப் பின்னோக்கி இழுத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். விநாடிக்கு 1½ மீட்டர் வேகத்தில் இறங்கினால் 11 ஜூலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நல்ல காலைவிட நல்ல இறக்கம் மேலானது என்று சொல்வதன் பொருள் இதுவே.

வீட்டுப் பியூசும் விமானக் காலும்

பெரிய பயணி விமானங்களின் கால்கள், விநாடிக்கு சுமார் 3 மீட்டர் வேகத்தில் கீழிறங்குவதைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. அதற்கும் மேலான மோதல் நேர்ந்தால் என்ன ஆகும்? பல விமானங்களில் காலை இறக்கையோடு இணைக்கும் ஊசிகள் குறிப்பிட்ட விசையில் முறியும்படி செய்யப்பட்டுள்ளன. ஊசி முறிந்து கால் தனியே கழன்றுவிடும்; இறக்கையினுள் இருக்கும் எரிபொருள் தொட்டி கிழியாமல் தப்பும். அந்த ஊசிக்குப் 'பியூஸ் ஊசி' என்றே பெயர்.

உங்கள் வீட்டு மின்சாரப் பியூசை எண்ணிப் பாருங்கள். மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மெல்லிய கம்பி உருகி, மற்றச் சாதனங்களைக் காப்பாற்றுகிறது. அடிக்கடி பியூஸ் போகிறதே என்று தடித்த கம்பியைப் போட்டுவிட்டால் சுவருக்குள் ஓடும் கம்பிகள் எரிந்துபோகும். முறிந்த காலை மிகையாகப் பலப்படுத்துவதும் இதே தவறுதான். அடுத்த மோதலில் கால் அப்படியே நிற்கும். உடலின் அடிப்பாகம் பிய்ந்து போகும். எது முதலில் உடைய வேண்டும் என்பதைச் சீர்செய்பவர் தீர்மானிக்க வேண்டும். அது மலிவானதாகவும் எளிதில் மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

முதலில் சோதனை

விபத்துக்குப் பின் நேராகக் காலுக்குப் போகாதீர்கள். பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் தொட்டி கசிகிறதா என்று பாருங்கள். லித்தியம் மின்கலம் உப்பியோ நசுங்கியோ இருந்தால் அதனை மீண்டும் மின்னேற்றம் செய்யக்கூடாது. வீட்டிற்கு வெளியே, மணல் நிரப்பிய வாளியில் வைத்துவிடுங்கள். அத்தகைய மின்கலம் சில மணி நேரம் கழித்தும் தீப்பற்றக்கூடும்.

அடுத்து, கால் பொருந்தியிருக்கும் அடிப்பலகையையும் அதைச் சுற்றியுள்ள குறுக்குச் சட்டங்களையும் விளக்கொளியில் ஆராயுங்கள். காலைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். கிறீச்சென்ற ஒலி கேட்டால் எங்கோ பசை விட்டிருக்கிறது. மேலுறையில் புதிதாகச் சுருக்கம் தெரிந்தால் அதன் அடியில் மரம் பிளந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் சேதத்தைவிட உள்ளே மறைந்திருக்கும் சேதமே ஆபத்தானது.

எஃகுக் கம்பிக் கால்

பல மாதிரிகளின் கால்கள் 'பியானோ கம்பி' எனப்படும் எஃகுக் கம்பியால் ஆனவை. கரிச்சத்து மிகுந்த எஃகைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து மெலிதாக்குவதால் இதற்கு மிகுந்த மீள்தன்மை உண்டாகிறது. சிறிது வளைந்திருந்தால், வைஸில் பிடித்து, சூடாக்காமலே நிமிர்த்தலாம். சிவக்கக் காய்ச்சி வளைப்பது எளிது. ஆனால் அந்த வெப்பத்தில் இழுப்பினால் வந்த வலு போய்விடும். பிறகு அது சாதாரண இரும்புக் கம்பிபோல் வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். முறிந்த கம்பியைப் பட்டறையில் வெல்டிங் செய்து கொண்டுவந்தாலும் இதே நிலைதான். பற்று நிற்கும், அதன் பக்கத்தில் முறியும்.

ஒரே இடத்தில் இரண்டாம் முறை வளைந்த கம்பியை மாற்றிவிடுவது நல்லது. மீண்டும் மீண்டும் வளைக்கும்போது உலோகம் சோர்ந்து, உள்ளே நுண்ணிய விரிசல்கள் தோன்றுகின்றன. புதுக் கம்பியைக் கூர்மையான மூலையாக மடிக்காமல், வட்டமான உருளையைச் சுற்றி வளைக்க வேண்டும். வளைவின் உட்பக்க ஆரம் கம்பியின் விட்டத்தைப்போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்கட்டும். இரு கம்பிகள் கூடும் இடத்தில் மெல்லிய செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி ஈயப்பற்று வையுங்கள். ஈயம் குறைந்த வெப்பத்திலேயே உருகுவதால் எஃகின் வலு கெடாது.

கம்பியின் தடிமனை மாற்றுமுன் சற்று யோசியுங்கள். 4 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 5 மில்லிமீட்டர் போட்டால் வலு ஏறத்தாழ இரு மடங்காகும். விறைப்போ சுமார் 2½ மடங்காகிவிடும். விறைப்பு கூடினால் உடலுக்கு என்ன நேரும் என்பதை மேலே கண்டோம்.

தகட்டுக் கால்

கனமான மாதிரிகளில் அலுமினியக் கலவைத் தகடோ கார்பன் இழைத் தகடோ காலாக வளைந்திருக்கும். இந்த வடிவத்தின் முன்னோடி, அமெரிக்கரான ஸ்டீவ் விட்மன் உருவாக்கிய எஃகு வில்தகட்டுக் கால். 1946இல் வெளிவந்த செஸ்னா 140 விமானத்தில் இது இடம்பெற்றுப் பெரிதும் பரவியது.

விரிந்துபோன அலுமினியத் தகட்டை, மரக்கட்டைகளுக்கிடையே வைஸில் பிடித்து மரச்சுத்தியால் தட்டிப் பழைய வடிவத்திற்குக் கொண்டுவரலாம். ஆனால் வளைவின் வெளிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் அந்தத் தகடு இனி உதவாது. புதிய தகட்டில் ஓரங்களை அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். ஓரத்தில் உள்ள சிறு கீறலிலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

கார்பன் இழை வளைந்து நிற்பதில்லை. ஒன்று மீளும், அல்லது பிளக்கும். நாணயத்தால் அதன் நீளம் முழுதும் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்ற தெளிவான ஒலி மந்தமாக மாறும் இடத்தில் இழை அடுக்குகள் பிரிந்துள்ளன. அதையும் மாற்றிவிட வேண்டியதுதான். இழைத் தூளைச் சுவாசிக்கலாகாது. தேய்க்கும்போது முகமூடி அவசியம்.

அடிப்பலகை

பெரும்பாலும் கிழிந்து போவது காலைத் தாங்கும் பலகையே. பழைய பலகையின் துண்டுகளை முழுதும் நீக்குங்கள். எஞ்சின் எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் ஒட்டாது. அசிட்டோன் நனைத்த துணியால் பலமுறை துடைத்து உலரவிடுங்கள். இதைக் காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்புக்கு எட்டத்தில் செய்ய வேண்டும்.

5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல பிளைவுட்டை வெட்டி, முன்னும் பின்னும் உள்ள இரு குறுக்குச் சட்டங்களிலும் பொருந்துமாறு அமையுங்கள். விசை ஒரே இடத்தில் குவியாமல் பரவ வேண்டும் என்பதே நோக்கம். ஒட்டும் பரப்புகளை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரு பகுதிகளாக வரும் எபாக்சிப் பசையைத் தடவுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட, மெதுவாக இறுகும் வகையே இங்கு ஏற்றது; ஒரு நாள் முழுதும் தொடாமல் வையுங்கள். மூலைகளில் முக்கோணக் கட்டைகளை ஒட்டினால் பலகை பிய்த்துக்கொண்டு வராது.

இனி நம் 'பியூஸ்' வருகிறது. காலைப் பலகையுடன் இரும்புப் போல்ட்டுகளால் முடுக்காமல், நைலான் போல்ட்டுகளால் முடுக்குங்கள். 10 கிலோ மாதிரிக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளில் தொடங்கலாம். சாதாரண இறக்கத்திலேயே அறுந்தால் ஒரு படி பெரிதாக்குங்கள். கடும் மோதலிலும் அறுக்காமல் பலகையை அசைத்தால் ஒரு படி சிறிதாக்குங்கள். போல்ட் அறுந்தால் களத்திலேயே சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். பலகை கிழிந்தால் மீண்டும் ஒரு வார வேலை.

உப்புக் காற்று

உழவர்கரை கடலுக்கு அருகில் உள்ள ஊர். ஈரமும் உப்பும் கலந்த காற்றில் எஃகுக் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். பெயின்டின் அடியில் துரு பரவினால் வெளியே தெரியாது. அலுமினியத் தகட்டில் இரும்பு வாஷர் நேரடியாகப் படும் இடத்தில் இரு உலோகங்களும் உப்பு ஈரமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம்போல் வேலை செய்து, அலுமினியத்தை அரிக்கின்றன. இடையே நைலான் வாஷர் வையுங்கள். பறக்கவிட்டு வந்ததும் காலைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள்.

சக்கரம் எங்கே நிற்கிறது?

வால்சக்கர வகை மாதிரியில் முக்கியச் சக்கரங்கள் ஈர்ப்பு மையத்திற்கு முன்னால் இருக்க வேண்டும். கால் சற்றுப் பின்னோக்கி வளைந்திருந்தால் இறங்கும்போது மூக்குக் குப்புற விழும். மூக்குச்சக்கர வகையில் முக்கியச் சக்கரங்கள் ஈர்ப்பு மையத்திற்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். இரு சக்கரங்களும் நேராக ஓடுகின்றனவா என்று தரையில் கோடு கிழித்துத் தள்ளிப் பாருங்கள்.

பிறகு வீழ்ச்சிச் சோதனை. மின்கலத்தையும் எரிபொருளையும் நீக்கி, அவற்றின் எடைக்குச் சமமான மணல் பைகளை வைத்துக் கட்டுங்கள். இருவர் இறக்கைகளைச் சமமாகப் பிடித்து, முதலில் 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். பின்பு 12 சென்டிமீட்டர். இந்த இரண்டாவது உயரம் விநாடிக்கு 1½ மீட்டர் வேகத்திற்குச் சமம். கால் வளைந்து, மீண்டும் பழைய நிலைக்கு வர வேண்டும். பலகையில் ஒலி கேட்கக் கூடாது.

பறக்கவிடுமுன்

10 கிலோ மாதிரி விளையாட்டுப் பொருள் அன்று. கால் கழன்ற விமானம் தரையில் எந்தப் பக்கம் திரும்பும் என்று எவராலும் சொல்ல முடியாது. சுழலும் விசிறியோடு அது கூட்டத்திற்குள் பாய்ந்தால் நேரும் காயம் சிறியதாக இராது. பார்வையாளர்களை ஓடுபாதைக்குப் பின்னே, தொலைவில் நிறுத்துங்கள்.

இடமும் முக்கியம். 2021இல் வெளியான டிரோன் விதிகள், இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரைமட்டத்திலிருந்தே வான்வெளியைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்தன; அங்கே பறக்கவிட அனுமதி தேவை. இலாசுப்பேட்டை நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதால் உழவர்கரையில் மாதிரியைக் கட்டலாம், சீர்செய்யலாம். அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை உங்கள் மாதிரி தடாலென்று இறங்கி, இரண்டு நைலான் போல்ட்டுகள் மட்டும் அறுந்து கிடந்தால் வருந்த வேண்டாம். உங்கள் பழுதுபார்ப்பு வேலை செய்திருக்கிறது என்று பொருள். பையில் இன்னும் நான்கு போல்ட்டுகளை எப்போதும் வைத்திருங்கள்.