வெள்ளியை உறிஞ்சும் ஆகாயத் தாமரை!
கண்மாய்க்குப் பகை, ஆலைக் கழிவுக்குத் துணை

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பக்கத்தில் உள்ள ஊர் மம்சாபுரம். இந்தப் பகுதி விவசாயிகளுக்குக் கண்மாய்தான் உயிர்.

கண்மாயில் ஆகாயத் தாமரை புகுந்துவிட்டால் போதும். விவசாயியின் முகம் வாடிவிடும்.

இரண்டே வாரத்தில் அது இரண்டு மடங்காகப் பெருகும். தண்ணீரை மூடும். மடையை அடைக்கும். மீனுக்கு மூச்சுத் திணறும்.

தென் அமெரிக்காவில் பிறந்த செடி இது. ஊதாப் பூவின் அழகுக்காக நாடு நாடாகக் கொண்டு போனார்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்தது. பிறகு இந்தியா எங்கும் பரவிவிட்டது.

இந்தப் பொல்லாத செடிக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகத்தை அது உறிஞ்சி விடுகிறது!

வேர் செய்யும் வேலை

செடியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வேர்கள் குஞ்சம் போலத் தொங்கும். ஈயம், பாதரசம், குரோமியம் போன்ற உலோகங்கள் இந்த வேரில் ஒட்டிக்கொள்கின்றன. வேருக்குள்ளும் போய்ச் சேருகின்றன. இலைக்குப் போவது கொஞ்சம்தான்.

அமெரிக்காவின் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான 'நாசா' இதைச் சோதித்தது. வுல்வர்ட்டன் என்ற விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் மிசிசிப்பி மாநிலத்தில் இந்த ஆராய்ச்சியைச் செய்தார்கள். முடிவுகள் 1975-ம் ஆண்டு வெளிவந்தன.

ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் பரப்பில் உள்ள செடிகள், ஒரே நாளில் 300 கிராம் காட்மியத்தையோ நிக்கலையோ எடுக்க முடியும் என்று கணக்கிட்டார்கள். வெள்ளியையும் செடி உறிஞ்சியது. ஸ்ட்ரான்சியத்தையும் உறிஞ்சியது. சிவகாசி மத்தாப்புக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிறதே, அதே ஸ்ட்ரான்சியம்தான்!

மெட்டிக்குக்கூடக் காணாது!

"அப்படியானால் செடியை அள்ளி வெள்ளி எடுக்கலாமே!" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

இருபது கிலோ பச்சைச் செடியைக் காய வைத்தால் ஒரு கிலோதான் தேறும். சோதனையில் உறிஞ்சிய அளவைப் பார்த்தால், அதில் ஏறத்தாழ அரை கிராம் வெள்ளி இருக்கும். கால் மெட்டி செய்யக்கூடக் காணாது!

உண்மையான லாபம் வேறு. அது சுத்தமான தண்ணீர்.

அதன் அருமை வேலூர்ப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். பாலாற்றுப் பகுதியில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு, நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. கெடுத்தவர்களே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது.

பாதி வேலை ஆபத்து

செடியை வளர்த்தால் மட்டும் போதாது. வேளா வேளைக்கு அள்ள வேண்டும். விட்டுவிட்டால் செடி செத்து அழுகும். உறிஞ்சிய விஷம் மறுபடியும் தண்ணீருக்கே போகும்.

அள்ளிய செடியைக் காய வைத்து, புகை வெளியேறாத தனி உலையில் சாம்பலாக்க வேண்டும். சாம்பலை அமிலத்தில் கரைத்து உலோகத்தைப் பிரிக்கலாம். கழிவு மிகக் கடுமையாக இருந்தால் செடியே கருகிவிடும். ஆகையால் ஆலை தன் கழிவை முதலில் சுத்திகரிக்க வேண்டும். மிச்சத்தைத்தான் செடியிடம் விட வேண்டும்.

அதுவும் கரை கட்டிய தனித் தொட்டியில்தான். கண்மாயில் ஒரு செடியைக்கூட விடக் கூடாது.

தாய்மார்கள் கவனிக்க!

ஆலைக் கழிவு ஓடும் வாய்க்காலில் இந்தச் செடி பச்சைப் பசேல் என்று வளர்ந்திருக்கும். அதை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். எருக்குழியில் சேர்க்காதீர்கள். அடுப்பில் எரிக்காதீர்கள்.

மாடு தின்றால் விஷம் மாட்டின் உடம்புக்குப் போகும். எருவானால் நிலத்துக்குப் போகும். கடைசியில் நம் வீட்டுக் குழந்தையின் தட்டுக்கே வந்து சேரும்.

தண்ணீரில் இருந்த விஷத்தைச் செடி வாங்கி வைத்துக்கொள்கிறது, அழிப்பதில்லை. அதைப் பத்திரமாக அப்புறப்படுத்துவது மனிதனுடைய வேலை!