பங்கு வைக்க முடியாத வண்டி

குடும்பத்தின் பெரியவர் மறைந்த பின் அவர் விட்டுச் சென்ற நிலத்தை அளந்து பங்கிடலாம். மனைக்கு மதிப்புப் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வாப்பாவின் கைக்கடிகாரத்தையோ, பாட்டனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தேக்குப் பெட்டியையோ எப்படிப் பங்கிடுவீர்கள்? விற்க மனம் வராது. வைத்துக்கொள்ள இடம் இராது. எடுத்துப் புழங்கினாலோ தேய்ந்துவிடும். நம் இல்லங்கள் பலவற்றில் பரணிலும் கொல்லையிலும் இத்தகைய பொருள்கள் கிடக்கின்றன. அத்தகைய ஒரு பொருளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஆனால் அது கிடந்தது நம்மூர்ப் பரணில் அன்று. அமெரிக்க நாட்டின் வடபுறத்திலுள்ள மினிசோட்டா மாநிலத்தில், ஒரு பண்ணை வீட்டின் வைக்கோல் கொட்டகையில் கிடந்தது.

2019-ஆம் ஆண்டு, மினியாபொலிஸ் நகரில் பணிபுரியும் என் மகனுடன் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அவனோடு பணியாற்றும் ஒருவர் எங்களைத் தம் தாயாரின் பண்ணைக்கு அழைத்துச் சென்றார். கொட்டகைக் கதவைத் திறந்ததும் உருண்ட முகமும் தடித்த கண்ணிமை போன்ற மட்கார்டுகளும் கொண்ட ஒரு பிக்கப் வண்டி தெரிந்தது. 1951-ஆம் ஆண்டின் செவர்லே. 3100 என்னும் அரை டன் வகை. அவருடைய தந்தையார் தம் திருமணத்திற்கு முந்தைய ஆண்டில் வாங்கியது. மணப்பெண்ணை அழைத்து வந்ததும், கன்றுகளையும் தீவன மூட்டைகளையும் சுமந்ததும், பிள்ளைகள் ஓட்டக் கற்றதும் அந்த வண்டியில்தான். 1994-இல் அவர் காலமானார். அன்று கொட்டகையில் நிறுத்திய வண்டியை அதன் பின் எவரும் கிளப்பவில்லை.

நண்பருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, வண்டியை மீண்டும் ஓடச் செய்வது. மற்றொன்று, அதை நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியாக மாற்றுவது. பண்ணையின் பின்புறம் மேடும் பள்ளமுமான மரக்காடு. குளிர்காலத்தில் முழங்காலளவு பனி விழும்; வசந்தத்தில் அப்பனி உருகிச் சேறாகும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி, பின்பாரம் இல்லாத வேளையில், அங்கு நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். “ஓட்ட முடியாத வண்டியைச் செப்பனிட்டு என்ன பயன்? மறுபடியும் கொட்டகைக்குத்தானே போகும்?” என்பது அவருடைய வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் எண்பத்தாறு வயதான அவருடைய தாயாரும், தமக்கையாரும் இதற்கு இணங்கவில்லை.

இந்த ஆசை புதிதன்று என்பதை நீங்கள் அறிய வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜீப்புகளையும் இராணுவ டிரக்குகளையும் ஓட்டிப் பழகித் திரும்பிய அமெரிக்க விவசாயிகள், அதே ஆற்றலைத் தம் பண்ணை வண்டியிலும் எதிர்பார்த்தனர். டாட்ஜ் நிறுவனம் 1946-இல் தன் இராணுவ டிரக்கின் அமைப்பிலேயே ‘பவர் வேகன்’ என்ற வண்டியை விற்கத் தொடங்கியது. வில்லிஸ் நிறுவனம் 1947-இல் நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப்பைக் கொணர்ந்தது. செவர்லேயும் ஃபோர்டும் வாங்கியவர்களோ வெளியாரைத்தான் நாட வேண்டியிருந்தது. ஃபோர்டு வண்டிகளை மாற்றித் தந்த மார்மன்–ஹெரிங்டன் என்னும் நிறுவனம் இண்டியானாபொலிஸ் நகரில் இருந்தது. செவர்லே, ஜி.எம்.சி. வண்டிகளுக்கென மாற்றுக் கருவித்தொகுதி செய்து விற்ற நாப்கோ நிறுவனம் இருந்தது எங்கே தெரியுமா? நான் தங்கியிருந்த அதே மினியாபொலிஸில்! 1957-இல் செவர்லே நிறுவனமே நாப்கோவின் தொகுதியைத் தன் ஆலையில் பொருத்தி விற்க முன்வந்தது. ஃபோர்டு 1959-இலும், செவர்லே 1960-இலும் சொந்த அமைப்பிலேயே நான்கு சக்கர இயக்கத்தைக் கொண்டுவந்த பின்னர் இத்தகைய நிறுவனங்களின் தேவை குறைந்தது.

இந்த இடத்தில் நம் நாட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கர இயக்கத்தை நம் மக்களுக்குப் பழக்கிய வில்லிஸ் ஜீப்பை 1947 முதல் இந்தியாவில் பூட்டி விற்றது மகிந்திரா நிறுவனம். 1945-இல் அது தொடங்கப்பட்டபோது அதன் பெயர் ‘மகிந்திரா அண்டு முகம்மது’. அந்த முகம்மது, மாலிக் குலாம் முகம்மது. பிரிவினைக்குப் பின் அவர் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகவும், 1951-இல் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-இல் நிறுவனத்தின் பெயர் இன்றுள்ளவாறு மாறிற்று. சரி, மினிசோட்டாக் கொட்டகைக்குத் திரும்புவோம்.

நண்பரின் முதல் திட்டம், இன்று அமெரிக்காவில் பலர் கையாளும் குறுக்கு வழி. 1980-களின் நான்கு சக்கர இயக்கப் பிக்கப் ஒன்றை மலிவாக வாங்குவது. அதன் உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் சேஸின் மீது பழைய வண்டியின் கேபினைத் தூக்கி வைப்பது. புதிய எஞ்சின், புதிய பிரேக், புதிய ஸ்டீரிங் எல்லாம் ஒரே வீச்சில் கிடைத்துவிடும். பழைய சேஸும் எஞ்சினும் இரும்புக் கடைக்குப் போகும்.

இதைக் கேட்ட தாயார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். “அப்படியானால் உன் தகப்பனாரின் வண்டி என்று நாம் எதைச் சொல்வது?”

அந்தக் கேள்விதான் திட்டத்தை மாற்றியது. புதிதாய்ச் சேர்ப்பது எதுவாயினும் போல்ட்டைக் கழற்றினால் வந்துவிட வேண்டும். சேஸை வெட்டக் கூடாது. அதில் பற்றவைப்பும் கூடாது. கழற்றிய ஒவ்வொரு பொருளும் எண்ணெய் பூசிக் கொட்டகையிலேயே இருக்க வேண்டும் என்று தாயும் மக்களும் உடன்பட்டனர். எண்ணிப் பார்த்தால் அன்று நாப்கோ செய்ததும் ஏறத்தாழ இதுவே. அச்சு, பெட்டி, தண்டு ஆகியவற்றைத் தொகுதியாகக் கொடுத்துப் பொருத்தச் சொன்னார்களேயன்றி, வேறு வண்டியாக வார்க்கச் சொல்லவில்லை.

முதலில் செப்பனிடும் வேலை. இருபத்தைந்து ஆண்டுகள் உறங்கிய எஞ்சினைக் கண்டதும் பாட்டரியை மாட்டிச் சாவியைத் திருகுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். அதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை! துருவேறிப் பிடித்துக்கொண்ட பிஸ்டன் வளையங்கள் அந்த அதிர்ச்சியில் உடையும். நண்பர் ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, துளைகளின் வழியே துருவிளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு, பத்து நாள் அப்பக்கமே போகவில்லை. பின்னர் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தார். மூன்றாம் நாள் எஞ்சின் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. அது 216 கன அங்குல, அதாவது மூன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின். ஆற்றல் ஏறக்குறைய 90 குதிரைத்திறன்தான். நிதானமாக இழுக்கும், வேகமாக விரட்டினால் அதன் பழைய பாணி வெள்ளை உலோகப் பேரிங்குகள் தாங்கா.

அவ்வாண்டு வண்டிகளில் பெட்ரோல் தொட்டி கேபினுக்குள்ளேயே, இருக்கையின் முதுகுப்புறம் இருக்கும். கெட்டுப்போன பெட்ரோலின் பிசின் அதன் அடியில் தார்போல் படிந்திருந்தது. அதைக் கழற்றிக் கழுவாமல் புதுப் பெட்ரோல் ஊற்றியிருந்தால் கார்பரேட்டர் ஒரே நாளில் அடைத்திருக்கும். கேபினின் கீழ் மூலைகளும் கதவுகளின் அடிப்புறமும் அரித்துப் போயிருந்தன. அங்கு மட்டும் துருப்பட்ட தகட்டை நறுக்கிப் புதுத் தகடு ஒட்டவைத்தனர். பின்புறத் தளத்தின் மரப்பலகைகளில் இரண்டை மட்டுமே மாற்ற நேர்ந்தது. வலப்பக்கக் கதவில் தந்தையார் தம் கையால் எழுதிய பண்ணையின் பெயர் பாதி அழிந்த நிலையில் இருந்தது. அக்கதவுக்குப் புது வர்ணம் பூசக் கூடாது என்றார் தமக்கையார். பூசவில்லை. மற்றெல்லாம் பச்சையாய்ப் பளபளக்க, அந்த ஒரு கதவு மட்டும் வெளிறி நிற்கிறது. எனக்கு அது முதலில் அழகாகத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது சக்கர வேலை. இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். சாதாரண வண்டியில் கியர் பெட்டியிலிருந்து ஒரு தண்டு பின்னோக்கிச் சென்று பின்னச்சைச் சுழற்றுகிறது. நான்கு சக்கர இயக்கத்தில் நடுவே இன்னொரு பெட்டி வரும். டிரான்ஸ்பர் கேஸ் என்பார்கள். சுழற்சியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பின்னச்சுக்கும் ஒன்றை முன்னச்சுக்கும் அனுப்புவது அதன் தொழில். முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், சுழலவும் வேண்டும். ஆகவே முன்னச்சின் இரு நுனிகளிலும் மடங்கிக்கொண்டே சுழலும் மூட்டுகள் தேவை.

பழைய செவர்லேயில் ஒரு வசதி உண்டு. அதன் முன்னச்சு ஒரே இரும்புக் கட்டை. பட்டை ஸ்பிரிங்குகளின் மீது நிற்பது. அதைக் கழற்றிவிட்டுச் சுழலும் அச்சு ஒன்றை அதே ஸ்பிரிங்குகளில் கட்டலாம். ஸ்பிரிங் அமரும் இருக்கைகளை அச்சின் மீதுதான் இடம் மாற்றிப் பற்றவைத்தார்களேயன்றிச் சேஸில் கை வைக்கவில்லை. பின்புறத்திலோ பெரிய இடையூறு. அரை டன் வண்டியில் தண்டு வெளியே தெரியாது. ஒரு குழாய்க்குள் அடைபட்டு, கியர் பெட்டி முதல் பின்னச்சு வரை ஒரே உறுப்பாக இருக்கும். நடுவில் எந்தப் பெட்டியையும் நுழைக்க இயலாது. ஆகவே கியர் பெட்டி, குழாய், பின்னச்சு மூன்றும் வெளியேற வேண்டியதாயிற்று. அதே காலத்துப் பெரிய செவர்லே டிரக்கின் நான்கு வேகக் கியர் பெட்டி பழைய எஞ்சினோடு அப்படியே பொருந்தியது. அதன் பின்னால், தனியே நிற்கும் வகை டிரான்ஸ்பர் கேஸ் ஒன்றைக் குறுக்குச் சட்டத்தில் போல்ட்டு போட்டுத் தொங்கவிட்டனர்.

முன்னச்சும் பின்னச்சும் ஒரே பல் விகிதத்தில் இருந்தாக வேண்டும். அதனால்தான் இரண்டையும் ஒரே பழைய வண்டியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி விற்ற உடைவண்டிக் கடைக்காரரை நண்பர் நம்பினார். ஆனாலும் பொருத்துமுன் எண்ணிப் பார்த்தார். ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு மற்றதை இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குள் தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்று சாக்பீஸ் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். முன்னச்சில் நான்கு சுற்றுக்குச் சற்று மேல்; பின்னச்சில் நான்குக்குக் குறைவு! திறந்து பார்த்தால், முன்னதில் 41-க்கு 10 பல்; பின்னதில் 41-க்கு 11 பல். எவரோ எப்போதோ பின்னச்சை மாற்றியிருக்கிறார்கள். ஒரே ஒரு பல்தானே என்று அலட்சியமாகப் பொருத்தியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பின்சக்கரம் முன்சக்கரத்தை ஏறத்தாழ நூறு மீட்டர் முந்த முயன்றிருக்கும். டயர் தேய்வதோடு நில்லாமல் பெட்டியே சிதறியிருக்கும். சரியான கிரௌன், பினியன் கிடைக்க இரண்டு மாதம் காத்திருந்தார்கள்.

விகிதம் சரியாக இருந்தாலும், வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடும். சேற்றிலும் பனியிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை. அதனால் நல்ல சாலையில் முன்னச்சைத் துண்டித்துவிட வேண்டும். சக்கர நடுவிலுள்ள குமிழைத் திருகி முன்சக்கரங்களை முற்றிலும் விடுவிக்கும் ‘ஹப்’ என்னும் அமைப்பை, போர் முடிந்து மலிவாக விற்ற ஜீப்புகளுக்காக 1948-இல் விற்கத் தொடங்கியவர் அமெரிக்காவின் ஆர்தர் வார்ன். அந்தக் குமிழ்கள் இப்போது இந்த வண்டியிலும் உள்ளன.

வண்டி நான்கு அங்குலம் உயர்ந்துவிட்டதால் ஸ்டீரிங் கம்பியின் சாய்வு கூடி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீரிங் தானே இழுத்தது. அதன் கையை மாற்றி வளைத்த பின்பே சரியாயிற்று. பிரேக் விஷயத்தில் மட்டும் அவர்கள் பழமையைப் போற்றவில்லை. பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை கொண்டது. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இராது. இரண்டு அறை கொண்டதை வைத்தார்கள். பேரப்பிள்ளைகளை ஏற்றும் வண்டியில் இதற்கு மாற்றுக் கருத்து இருக்க முடியாது என்பதே என் எண்ணமும். மின்சாரமோ இன்னும் பழைய ஆறு வோல்ட்டே.

செலவு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். நண்பர் தம் மனைவி இருந்த திசையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

2022-இல் மீண்டும் அங்கு சென்றபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகையின் மச்சில் பழைய முன்னச்சும், கியர் பெட்டியும், தண்டுக்குழாயும், பின்னச்சும் எண்ணெய் பூசிச் சாக்குத்துணி சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அட்டைச் சீட்டு. கழற்றிய போல்ட்டுகள் தனித்தனிப் புட்டிகளில். இரண்டு மூன்று வார இறுதிகளில் வண்டியை 1951-இல் இருந்தபடி ஆக்கிவிடலாம் என்றார் நண்பர். தமக்கையார் அச்சீட்டுகளைத் தாமே எழுதியிருக்கிறார்.

அன்று பனி பெய்திருந்தது. தாயாரைத் தூக்கி ஏற்றினார்கள். நாலு அங்குல உயரம் அவருக்குப் பெரிய தொல்லை. வெளிறிய கதவின் பக்கம் அமர்ந்தார். குமிழைத் திருகிவிட்டு நண்பர் மரக்காட்டின் மேட்டில் வண்டியை ஏற்றினார். நான் பின்புறத்தில் கம்பளி சுற்றி நின்றுகொண்டிருந்தேன். மேட்டின் உச்சியில் வண்டி நின்றதும் அம்மையார் கண்ணாடியைச் சற்றே இறக்கி, ஹீட்டர் ஏன் வேலை செய்யவில்லை என்று மகனைக் கேட்டது என் காதில் விழுந்தது.

“அப்பா காலத்திலேயே அது வேலை செய்யவில்லையே அம்மா” என்றார் அவர்.

“ஆமாம். அப்போதே அவரிடம் சொன்னேன்” என்றார் அம்மையார்.